இரவல் போன பிட்டுக்குழல்

எங்கள் வீட்டில் பிட்டு வெறும் சாப்பாடு அல்ல, ஓயாத ஒரு வழக்கு. அம்மா மட்டக்களப்பு, அப்பா யாழ்ப்பாணம். அம்மாவுக்குப் பிட்டென்றால் மூங்கிற்குழலில் அவித்து, உருளை உருளையாய்த் தட்டில் தள்ளுவது. அப்பாவுக்கு அது பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அவித்து, உதிர உதிரக் கொட்டுவது. குழல் பிட்டைக் கண்டதும், "உது பைப்புக்குள்ள அவிச்சதெல்லே" என்பார் அப்பா. சொல்லிவிட்டு எல்லோரையும்விட ஓர் உருளை கூடவே சாப்பிடுவார்.

அந்தக் குழலை ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. தும்புக்கயிறு சுற்றிய, என் கையைவிடத் தடித்த மூங்கில். விமான நிலையத்தில் அதிகாரி அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து இது என்னவென்று கேட்டாராம். குழலுக்கு ஆங்கிலம் என்ன என்று மாமா வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். புல்லாங்குழல்தான் நினைவுக்கு வந்தது. ஃபுளூட் என்றார். துளைகள் எங்கே என்று அதிகாரி கேட்க, மாமா குழலைத் திருப்பி அடியில் கிடந்த சிரட்டைச் சில்லையும் அதிலிருந்த துளைகளையும் காட்டினார். அதிகாரி ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்துவிட்டு, நல்லாய் வாசியுங்கள் என்று அனுப்பிவிட்டாராம். மாமா பிறகு மொன்றியலுக்குப் போய்விட்டார். குழல் எங்களோடு ஸ்காபரோவில் தங்கிவிட்டது.

டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். எங்கள் கதவுக்கு நேரெதிரே பிலிப்பினோ அன்ரியின் கதவு. முதலில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்கென்று யாரோ வீட்டில் தங்கியிருந்து, பிறகு முதியோர் இல்லமொன்றில் வேலை எடுத்துத் தனியாகக் குடிவந்தவர். அம்மாவுக்கு பிஸ்கற் ஃபக்டரியில் பின்னேர வேலை. லொறி ஓடப் போகும் அப்பா இருட்டியபிறகுதான் வருவார். ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கூட்டிவருவது, ஈரச் சப்பாத்தைக் கழற்றுவது, கை கழுவ வைப்பது, சாப்பிடத் தருவது எல்லாம் அன்ரிதான். வேலைச் சீருடைக்கு மேலே பெரிய ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்பார். குளிர் கூடிய நாட்களில் அந்த ஜாக்கெட்டுக்குள் நானும் புகுந்துகொள்வேன். இருவரும் நாலு கால் பிராணியாய் வீதியைக் கடப்போம்.

அன்ரியின் கையால் நான் சாப்பிட்டதில் எனக்கு மிகப் பிடித்தது ஸ்பகெட்டி. தக்காளிக் குழம்புக்குள் சீனி போட்டு, சொசேஜை வட்டம் வட்டமாய் வெட்டிப் போட்டு, மேலே சீஸ் தூவித் தருவார். அவர்களுடைய ஊரில் பிறந்தநாளுக்கும் கிறிஸ்மஸுக்கும் பிள்ளைகளுக்கு அதைத்தான் செய்வார்களாம். எனக்காக அன்ரி கோழி சொசேஜ் தேடி வாங்குவார். அடுத்தது, ரின்னில் அடைத்த பழங்களை இனிப்பு ரின்பாலில் குளிப்பாட்டிக் குளிரவைத்த பழக்கலவை. வீட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு என் பின்னால் திரிந்த அம்மாவுக்கு, நான் எதிர்வீட்டில் தட்டை வழித்துத் துடைக்கிறேன் என்பது கொஞ்சம் வருத்தம், நிறைய ஆறுதல்.

இரண்டு வீட்டுக்கும் இடையே ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று போய்வந்துகொண்டிருக்கும். மூடியில் அன்ரி தன் பெயரை எழுதியிருப்பார். அதை யாரும் வெறுமையாய்த் திருப்பியதில்லை. ஒன்றும் அகப்படாவிட்டால் அம்மா ஒரு தோடம்பழத்தையாவது போட்டுவிடுவார்.

அன்ரியின் ஃபிரிட்ஜில் ஒரு படம் ஒட்டியிருந்தது. கடதாசிக் கிரீடம் வைத்த ஒரு சின்னப் பிள்ளை, முன்பல் இல்லாமல் சிரித்தபடி, முன்னால் ஒரு தட்டு ஸ்பகெட்டி. அது என் மகள், குடிவரவுக் கடதாசி அலுவல்கள் முடிந்ததும் வந்துவிடுவாள் என்று அன்ரி சொல்வார். எனக்கும் அப்போது முன்பல் விழுந்திருந்தது. இரண்டு பேரும் பல் இல்லாமல் விளையாடலாம் என்று ஒரு பொம்மையை அவளுக்கென்று ஒதுக்கி வைத்தேன். வருடங்கள் போகப் போகப் படத்தில் இருப்பவர்களுக்கும் வயது ஏறும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஓர் இலையுதிர்காலத்தில் அவள் வந்தாள். லிஃப்ற் கதவு திறந்தபோது அன்ரியைவிட உயரமான ஒரு பெண் இறங்கினாள். அன்ரி அவளுக்கென்று முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த குளிர் ஜாக்கெட்டின் கை, அவளுடைய மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. நான் பொம்மையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அம்மா என் காதருகே குனிந்து, அக்கா என்று கூப்பிடவேண்டும் என்றார்.

அக்கா அதிகம் பேசமாட்டாள். பள்ளிக்கூடத்தால் வந்தால் அறைக்குள் போய்விடுவாள். கதவுக்குப் பின்னாலிருந்து, தன்னை வளர்த்த சித்தியோடு போனில் பேசிச் சிரிக்கும் சத்தம் வரும். வெளியே வந்தால் சிரிப்பு இருக்காது. அன்ரி சமைத்ததை விட்டுவிட்டு, சுடுதண்ணீர் ஊற்றும் பக்கெற் நூடில்ஸை ஒரு கோப்பையில் கரைத்துக்கொண்டு மறுபடியும் அறைக்குள் போவாள். நான் மேசையில் காலை ஆட்டியபடி அவளுக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

அம்மாதான் இன்னொன்றைக் கவனித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"அந்தப் புள்ள தாயை ஒண்டும் சொல்லிக் கூப்பிடுதில்ல. பக்கத்தில வந்து நிண்டு பேசுது. கூப்பிடுதில்ல."

அப்பா ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு மறுபடி கூட்டினார்.

கிறிஸ்மஸ் நெருங்கியது. அவர்கள் சேர்ந்து கொண்டாடப்போகும் முதல் கிறிஸ்மஸ் அது, அவள் சின்னப் பிள்ளையாய் இருந்த காலத்தைக் கழித்துவிட்டால். அன்ரி எங்கள் வாசலில் நின்று அம்மாவோடு பேசினார். இருவரின் ஆங்கிலமும் வினைச்சொற்களை வழியில் தவறவிட்டுவிட்டு வரும் ஆங்கிலம். ஆனாலும் அவர்களுக்குள் விளங்காமல் போனது குறைவு. மகளுக்கு என்ன வேண்டுமென்று கேட்டாராம். ஒன்றும் வேண்டாம் என்றாளாம். திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒரேயொரு சாப்பாட்டின் பேரைச் சொன்னாளாம். அதைச் செய்ய இங்கே வழியில்லை என்று அன்ரி கண்ணைத் துடைத்தார். அந்தச் சாப்பாட்டின் பேர், புட்டோ.

அம்மாவின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது. வழியில்லையா? பிட்டுக்கா அழுவது? அடுத்தநாள் வேலை இல்லாத நாள். சிவப்பரிசிமா வறுத்து, தேங்காய்ப்பூ துருவி, குழல் குழலாய் அவித்தார் அம்மா. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும், உறைப்பான சம்பலும் கூட. உறைப்பில் அம்மா எப்போதும் தாராளம். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நான் எதிர்க்கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவள் அக்கா. புட்டோ என்றேன் பெருமையாக. அவள் உருளையைப் பார்த்தாள். கண்ணில் ஏதோ வந்தது. அவசரமாய் ஒரு துண்டைக் கிள்ளி, சம்பலைத் தொட்டதுகூடத் தெரியாமல் வாயில் போட்டாள். அடுத்த கணம் முகம் சிவந்து, இருமி, தண்ணீருக்கு ஓடினாள். பிறகு அறைக்கதவு சாத்திய சத்தம்தான் கேட்டது. பிட்டைப் பிடிக்காத மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று வீட்டில் வந்து சொன்னேன். "பைப்புப் பிட்டெண்டால் அப்பிடித்தான்," என்றார் அப்பா. அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பல்கனிக்குப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் அன்ரி போனோடு வந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். போனில் ஒரு படம்: வாழையிலையில் ஊதா நிறத்தில் நீள உருளைகள், மேலே தேங்காய்ப்பூ, சர்க்கரை, வெண்ணெய். கிறிஸ்மஸுக்கு முன்னான விடியற்பூசைக் காலத்தில் மாதா கோவில் வாசலில் விற்பார்களாம். சித்தியின் கடையும் அங்கேதானாம். புட்டோ பும்போங் என்பது அதன் முழுப்பேர். அவித்தால் ஊதாவாகும் கறுப்பரிசிமா இங்கே சீனக் கடையில் கிடைக்கிறது, ஆனால் பும்போங்குக்கு எங்கே போவேன் என்று அன்ரி கையை விரித்தார்.

பும்போங் என்றால் என்ன என்று அம்மா கேட்டார். அன்ரி இரண்டு கையாலும் காற்றில் ஒரு குழாயை வரைந்து காட்டினார். அம்மா கொஞ்சநேரம் அந்தக் காற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குசினிக்குள் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த குழலை எடுத்துவந்து அன்ரியின் இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்தார். அது அங்கே அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. அன்ரி தும்புக்கயிற்றைத் தடவிப் பார்த்தார். குழலை முகர்ந்தார். "கொண்டுபோங்க," என்றார் அம்மா தமிழிலேயே. அன்ரிக்கு அது விளங்கிவிட்டது.

அன்ரிக்குக் கிறிஸ்மஸுக்கு முந்தின இரவு வேலை. அவர்களுடைய வழக்கப்படி நடுச்சாமத்தில் சாப்பிடவேண்டியதை அடுத்தநாள் மத்தியானத்துக்குத் தள்ளிவைத்து எங்களையும் கூப்பிட்டிருந்தார். அப்படியொரு மேசையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு பாதியில் ஊர்ப் பழைய வழக்கப்படி அன்னாசி வைத்துச் சுட்ட பன்றித்தொடை, ஆயுள் நீளவேண்டுமென்று நறுக்காமல் போட்ட பன்சிட் நூடில்ஸ், விரல்போல் சுருட்டிப் பொரித்த லும்பியா, வாழையிலையில் வெதுப்பிய அரிசிமாப் பிபிங்கா. மறுபாதியில் புதுநாகரிகமாய், பிஸ்கற்றையும் மாம்பழத்தையும் கிறீமையும் அடுக்கடுக்காய்க் குளிரவைத்த கேக், ஊதா வள்ளிக்கிழங்கில் செய்த சீஸ்கேக். திருவெம்பாவைக் காலம், அம்மா மச்சம் மாமிசம் தொடமாட்டார் என்று அன்ரி மறக்கவில்லை. காளான் வைத்த லும்பியாவும் மரக்கறிப் பன்சிட்டும் தனிப் பாத்திரத்தில் இருந்தன. சிவப்பு மெழுகு பூசிய ஒரு சீஸ் உருண்டையை அப்பா கிரிக்கெட் பந்துபோல் விரலில் சுழற்றிப் பார்த்தார்.

மேசையின் நடுவே, அக்காவின் கதிரைக்கு நேரே, ஸ்பகெட்டியும் பழக்கலவையும். அவள் அறைக்குள் இருந்தாள். இரண்டுமுறை கூப்பிட்டாயிற்று. பசியில்லை என்ற பதில்தான் வந்தது. இவ்வளவையும் சமைத்துவிட்டு, மகள் மேசைக்கு வராவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தை அன்ரி சிரித்துச் சிரித்து மறைத்துக்கொண்டிருந்தார். எனக்கே தெரிந்தது.

கடைசி நம்பிக்கை குழல். அம்மா அடுப்பைப் பொறுப்பெடுத்தார். பிட்டு அவிக்க மட்டக்களப்பாருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை என்பது அம்மாவின் எண்ணம். ஊதா மாவைக் குழலில் போட்டு, தடியால் நன்றாய் அமத்தி, கொதிக்கும் பானையின் வாயில் ஏற்றினார். ஆனால் அது அமத்தினால் இறுகிப்போகும் ஒட்டரிசிமா. ஆவி மேலே வர வழியில்லை. பானை உறுமத் தொடங்கியது. "இது என்ன கோவம்," என்று அம்மா கிட்டப் போகவும், டொப் என்றொரு சத்தத்தோடு குழல் பானையைவிட்டு எழும்பிப் பாய்ந்தது. ஊதாக் கட்டியொன்று கூரையில் ஒட்டிக்கொண்டது. ஆவிக்குப் புகை அலாரம் அலறியது. அப்பா துவாயால் அதற்கு விசிறினார். நான் மேசைக்குக் கீழே.

அறைக்கதவு திறந்தது. அக்கா நின்றாள். கூரையைப் பார்த்தாள், அப்பாவின் துவாயைப் பார்த்தாள், அம்மாவின் நெற்றியில் இருந்த ஊதாப் பொட்டைப் பார்த்தாள். சிரித்தாள். கதவுக்குப் பின்னால் கேட்ட அதே சிரிப்பு. அன்ரி சிரிக்கவில்லை. குழலைப் பொறுக்கி எடுத்து, மறுபடி மாவை நிரப்பி, அம்மாவைப்போலவே தடியால் அமத்தத் தொடங்கினார். அக்கா இரண்டு எட்டில் வந்து அவருடைய கையைப் பிடித்தாள். அவர்களுடைய மொழியில் ஏதோ சொன்னாள். அதில் முதற்சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

"மாமா..."

நான் மேசைக்குக் கீழிருந்து தலையை நீட்டினேன். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் மம்மி. எனக்கு அம்மா. தாயை மாமா என்று கூப்பிடும் ஊரும் உண்டென்று எனக்குத் தெரியாது. மாமா என்றால் எனக்கு ஒருவர்தான், குழல் கொண்டுவந்தவர். குழல் பாய்ந்ததற்கு அவரைத்தான் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

"மாமா இஞ்ச இல்லை அக்கா. மாமா மொன்றியல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அன்ரி தடியைக் கையில் வைத்தபடி ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். முதுகு மட்டும் குலுங்கியது. அம்மா என் தோளைப் பிடித்து, "சும்மா இரி மகள்," என்றார். அலாரம் நின்றபிறகும் அப்பா துவாயை விசிறிக்கொண்டே இருந்தார்.

அக்கா தடியை வாங்கி ஓரமாய் வைத்தாள். குழலின் உள்ளே வெண்ணெய் பூசினாள். மாவை அமத்தாமல், காற்றுப் போக உதிர்த்துப் போட்டாள். கொஞ்சநேரம்தான் ஆவியில் வைத்தாள். பிறகு குழலை எடுத்து உள்ளங்கையால் ஓர் அடி. ஊதா உருளை வழுக்கி வாழையிலையில் விழுந்தது. தேங்காய்ப்பூவையும் சர்க்கரையையும் தூவி, சூட்டோடு பிய்த்து, ஒரு பாதியைத் தன் வாயிலும் மற்றப் பாதியைத் தாயின் வாயிலும் வைத்தாள். அம்மா ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, இது நம்மட பிட்டுத்தான், நிறம் மட்டும் மாறிப்போச்சு என்று தீர்ப்புச் சொன்னார்.

பிறகு எல்லோரும் மேசையில் இருந்தோம். அக்கா தன் முன்னால் இருந்த ஸ்பகெட்டியைக் கொஞ்சநேரம் பார்த்தாள். ஃபிரிட்ஜில் இருந்த படத்தைப் பார்த்தாள். தட்டை மெதுவாய் என் பக்கம் தள்ளினாள். நான் சாப்பிடுவதை நாடியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதை உனக்கு அடிக்கடி செய்து தருவாவா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்ட நேரமெல்லாம் செய்து தருவா என்றேன், வாய் நிறைய. பழக்கலவையும் தருவா, ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கூட்டிவருவா என்று கேட்காததையும் சொன்னேன். அக்கா தலையாட்டினாள். என் நாடியில் வழிந்த குழம்பைத் தன் விரலால் துடைத்துவிட்டாள். ஸ்பகெட்டி பிடிக்காத பெண் என்று நான் அவளுக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன்.

புதுவருடம் பிறந்தும் குழல் திரும்பி வரவில்லை. எதிர்வீட்டில் தாயும் மகளும் ஊதாப் பிட்டு அவித்துக்கொண்டே இருந்தார்கள். எங்கள் வீட்டில் நீத்துப்பெட்டி ஆட்சிக்கு வந்து, அப்பா உதிர்பிட்டின் அருமை பெருமைகளை விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இரவல் கொடுத்ததை ஏன் திருப்பிக் கேட்கவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா மாக் கையோடு என்னைப் பார்த்தார்.

"நாம அவங்ககிட்ட வாங்கின இரவலை இன்னும் குடுக்கல்ல மகள். அதுக்குள்ள குழலை எப்பிடிக் கேக்கிற?"

என்ன வாங்கினோம் என்று கேட்டேன். அம்மா மறுபடி மாவைக் குழைக்கத் தொடங்கினார். சரி, நானே கண்டுபிடிக்கிறேன் என்று குசினித் தட்டுகளை எல்லாம் கிளறினேன். கண்டுபிடித்தும்விட்டேன். மூடியில் அன்ரியின் பெயர் எழுதிய ஐஸ்கிறீம் பெட்டி. வெறுமையாய்க் கொடுக்கக்கூடாதென்று ஒரு தோடம்பழத்தை உள்ளே போட்டுக்கொண்டு ஓடினேன்.

அக்கா கதவைத் திறந்தாள். எனக்குத் தெரிந்த அழகான ஆங்கிலத்தில், இதுதான் நாங்கள் உங்களிடம் இரவல் வாங்கியது, இத்தனை காலமும் எங்களிடமே இருந்துவிட்டது, அம்மா சொன்னபடியால் திருப்பிக் கொண்டுவந்தேன் என்று சொன்னேன். அவள் பெட்டியை வாங்கி, மூடியில் இருந்த தாயின் பெயரை நெடுநேரம் பார்த்தாள். உள்ளே போனாள். குசினியில் கரண்டிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது பெட்டி பாரமாய் இருந்தது. மூடியின் ஓரத்தில் சிவப்புக் குழம்பு தெரிந்தது.

"திருப்பித் தர வேண்டாம்," என்றாள். "எனக்கும் இருக்கட்டும், உனக்கும் இருக்கட்டும்."

பெட்டியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஒரு பெட்டிக்கு எவ்வளவு நன்றி சொல்லலாமோ அவ்வளவு நன்றியைச் சொல்லிவிட்டு, சூடாய் இருந்த அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.